லிங்க்கின் மேல் எழுதும் நாலு சொல்லுக்கு என்ன அவ்வளவு மதிப்பு?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றி ஒரு தளம் நடத்துகிறீர்கள். எஸ்இஓ, அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை, செய்து தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். "வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு 300 பேக்லிங்க் வாங்கித் தருகிறேன், அத்தனையிலும் ஆங்கர் டெக்ஸ்ட் 'சைக்கிள் பழுது' என்றே இருக்கும், கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்" என்கிறார். ஆங்கர் டெக்ஸ்ட் என்றால் என்ன, அதற்கு நிஜமாகவே அவ்வளவு சக்தி உண்டா, அவருக்குச் சரி சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது முதல் இரண்டு கேள்விகளுக்குள் இருக்கிறது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

லிங்க்கில் கண்ணுக்குத் தெரிகிற, விரலோ மவுஸோ படுகிற சொற்கள்தான் ஆங்கர் டெக்ஸ்ட். "செயின் அடிக்கடி கழன்றால் பின் கியரைச் சரிசெய்யும் முறையை ஒருதடவை பாருங்கள்" என்று எழுதி, அதில் "பின் கியரைச் சரிசெய்யும் முறையை" என்ற துண்டுக்கு லிங்க் கொடுத்தால், அந்தத் துண்டுதான் ஆங்கர் டெக்ஸ்ட். போய்ச் சேரும் முகவரி அதன் பின்னால் ஒளிந்திருக்கும். படிப்பவருக்கு அது தேவையும் இல்லை.

பெயருக்குக் காரணம், வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் இருக்கிறது. லிங்க் போடும் குறிச்சொல் வெறும் 'ஏ' என்ற ஒற்றை எழுத்து. ஆங்கர் என்பதன் சுருக்கம், அதாவது நங்கூரம். செர்ன் ஆய்வகத்தில் 1989-ல் வலைக்கான திட்டத்தை முன்வைத்த டிம் பெர்னர்ஸ்-லீயின் ஆரம்பகாலக் குறிப்புகளில் லிங்க்கின் இரண்டு முனைகளுக்கும் ஆங்கர் என்றுதான் பெயர். கயிற்றின் ஒரு முனை இந்தப் பக்கத்தில் ஊன்றியிருக்கும், மறுமுனை அந்தப் பக்கத்தில். இந்த முனையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் நம் பேச்சு.

இதைத் தேடுபொறி ஏன் கவனிக்க ஆரம்பித்தது என்பதுதான் சுவாரசியமான பகுதி.

ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ள, அந்தப் பக்கத்தைப் படித்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை எவ்வளவு தூரம் நம்புவது? கடைக்காரர் தன் சரக்கைச் சொல்வது ஒன்று, வாங்கிப் போனவர் சொல்வது வேறொன்று. ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்த செர்கேய் பிரின்னும் லாரி பேஜும் 1998-ல் கூகுளின் அமைப்பை விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. லிங்க்கின் சொற்களை, அவை எழுதப்பட்டிருக்கும் பக்கத்தின் கணக்கில் மட்டுமல்ல, அவை சுட்டிக்காட்டும் பக்கத்தின் கணக்கிலும் சேர்க்கிறோம் என்கிறார்கள். காரணம் இரண்டு சொன்னார்கள். பல நேரங்களில் பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட லிங்க் கொடுத்தவர் அதைச் சரியாக விவரிக்கிறார். இன்னொன்று, படம், நிரல், தரவுத்தளம் என எழுத்தே இல்லாத விஷயங்களையும் இப்படித் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. இந்த யோசனை தங்களுடையது அல்ல, வேர்ல்ட் வைட் வெப் வோர்ம் என்ற முந்தைய தேடுபொறியிலேயே இருந்தது என்றும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவர்கள் திரட்டியிருந்தது 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள். அவற்றிலிருந்து எடுத்துப் பட்டியலிட்ட ஆங்கர்கள் 25 கோடியே 90 லட்சத்துக்கும் மேல். பக்கத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் சாட்சிகள்!

சாட்சி என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசிவரை உதவும். ஆங்கர் டெக்ஸ்ட் என்பது ஒரு பக்கத்தைப் பற்றி இன்னொருவர் சொல்லும் சாட்சி. அதன் மதிப்பு முழுவதும், சொன்னவர் தானாகச் சொன்னார் என்பதில் இருக்கிறது.

இந்தச் சாட்சிக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம். "க்ளிக் ஹியர்" என்று கூகுளில் தேடினால் பல வருடங்கள் முதலிடத்தில் வந்தது அடோபி ரீடர் மென்பொருளைத் தரவிறக்கும் பக்கம். பிடிஎஃப் வைத்திருந்த தளங்களெல்லாம் "இதைத் திறக்க ரீடர் வேண்டும், இங்கே க்ளிக் செய்யவும்" என்று எழுதி, 'இங்கே க்ளிக்' என்பதற்கே லிங்க் கொடுத்தார்கள். கூகுள் பாவம், உலகமே சொல்கிறதே என்று அந்தப் பக்கத்தின் பெயரே 'க்ளிக் ஹியர்' போலிருக்கிறது என எடுத்துக்கொண்டது.

வேடிக்கை வினையானது 2003-ல். "மிசரபிள் ஃபெயிலியர்", அதாவது படுதோல்வி, என்ற சொற்களுக்கு லிங்க் கொடுத்து, அதை வெள்ளை மாளிகைத் தளத்தில் இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்குத் திருப்பினார்கள் பல வலைப்பதிவர்கள். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. இருந்தும் அந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு அதிபரின் பக்கம் முதலில் வந்து நின்றது. கூகுள் பாம் என்றே இதற்குப் பெயர் வந்தது. முடிவுகளை வரிசைப்படுத்தும் தன் கணக்குமுறையை, அதாவது அல்காரிதத்தை மாற்றி, கூகுள் இதைப் பெருமளவு அடக்கியது 2007 ஜனவரியில்தான்.

விளையாட்டாக இதைச் செய்ய முடியும் என்றால் வியாபாரத்துக்குச் செய்யாமல் விடுவார்களா? 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான ஜே.சி. பென்னி, உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் பல மாதங்களாகக் கூகுளில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், துளியும் சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்த நிறுவனத்துக்கு லிங்க். அணுப் பொறியியல் சம்பந்தப்பட்ட ஒரு தளத்தின் அடியில் "கறுப்பு உடைகள்" என்று ஒரு லிங்க் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தனக்குத் தெரியாமல் நடந்தது என்றது. கூகுள் கையால் நடவடிக்கை எடுத்தது. ஒரு குறிப்பிட்ட பயணப் பெட்டிக்கான தேடலில் மாலை 7 மணிக்கு 1-ம் இடத்தில் இருந்த தளம், இரண்டு மணி நேரம் கழித்து 71-ல் இருந்தது.

உங்களிடம் வந்தவர் விற்பது இதே சரக்குதான். அளவு மட்டும் சின்னது.

அதற்கு அடுத்த வருடம், 2012 ஏப்ரல் 24-ம் தேதி, பெங்குவின் என்று பின்னர் பெயர் பெற்ற மாற்றத்தைக் கூகுள் இறக்கியது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1% பாதிக்கப்படும் என்று அவர்களே சொன்னார்கள். ஒரே கீவேர்டை, அதாவது தேடுபவர் தட்டும் சொல்லை, ஆங்கராக வைத்து லிங்க் குவித்திருந்த தளங்கள் ஒரே இரவில் காணாமல் போயின. அந்த வருடம் எஸ்இஓ தொழிலில் பலபேர் செய்த வேலையே, வருடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சி மின்னஞ்சல் அனுப்புவதுதான். சிலர் எடுப்பதற்கும் காசு கேட்டார்கள். எடுக்க முடியாதவற்றை "இவற்றைக் கணக்கில் எடுக்காதே" என்று கூகுளிடம் ஒப்படைக்க, டிஸவவ் என்ற கருவி அதே வருடம் அக்டோபரில் வந்தது. 2016 செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் மைய அல்காரிதத்தோடு கலந்துவிட்டது. அதிலிருந்து, ஸ்பேம் லிங்க்குக்காகத் தளம் முழுவதையும் கீழே தள்ளுவதைவிட, அந்த லிங்க்கைப் பூஜ்யமாக மதிப்பதுதான் அதன் போக்கு. அதாவது நல்ல நிலவரத்தில்கூட, உங்கள் 300 லிங்க்குக்கான காசு கரைந்து போகும். மோசமான நிலவரத்தில், ஆள் வைத்துப் பார்த்து எடுக்கும் நடவடிக்கை உங்கள் தளத்தின் மேல் விழும். முன்னதற்கும் பின்னதற்கும் நடுவில் லாபம் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் தளம் நிஜமாகவே பிடித்துப்போய் 300 பேர் லிங்க் கொடுத்தால் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாதிப் பேர் உங்கள் தளத்தின் பெயரை எழுதுவார்கள், அதிலும் சிலர் எழுத்துப்பிழையோடு. சிலர் முகவரியை அப்படியே ஒட்டுவார்கள். சிலர் கட்டுரைத் தலைப்பை, சிலர் "இதில் நன்றாக விளக்கியிருக்கிறார்" என்று. ஒருவர் "பிரேக் கிறீச்சிடுவதற்கு மருந்து" என்பார். ஓரிருவர் மட்டும் தற்செயலாக "சைக்கிள் பழுது" என்று எழுதலாம். முன்பின் தெரியாத 300 பேர் ஒரே இரண்டு சொல்லை எழுத்து மாறாமல் சொன்னால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று தெரிய அல்காரிதம் எதற்கு?

இது தெரிந்த கொஞ்சம் கெட்டிக்கார ஆட்கள் சதவீதக் கணக்கோடு வருவார்கள். கீவேர்ட் அப்படியே இருப்பது இத்தனை சதவீதம், பிராண்ட் பெயர் இத்தனை, வெறும் முகவரி இத்தனை என்று அழகான வட்டப்படம் காட்டுவார்கள். கூகுள் அப்படி ஒரு விகிதத்தை வெளியிட்டதே இல்லை. மேலே வந்திருக்கும் தளங்களை எண்ணிச் சராசரி எடுத்த கணக்கு அது. ஆரோக்கியமானவர்களின் சராசரி உயரத்தை அளந்துவிட்டு, அந்த உயரத்துக்கு வளர்ந்தால் நோய் வராது என்பதுபோல. விகிதத்தைக் குறிவைத்து லிங்க் வாங்குவதும் பொய்ச்சாட்சிதான், கொஞ்சம் ஒத்திகை அதிகம்.

காசு கொடுத்து லிங்க் வாங்குவதே குற்றமா என்றால், விளம்பரமாக வாங்கலாம். அப்போது லிங்க்கின் குறிச்சொல்லுக்குள், இது எந்த வகை லிங்க் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரெல் குறிப்பில், 'ஸ்பான்சர்ட்' என்று போட வேண்டும். 2005-ல் ஸ்பேம் கமெண்டுகளைச் சமாளிக்க, இந்த லிங்க்கைச் சாட்சியாக எண்ணாதே என்று சொல்லும் 'நோஃபாலோ' வந்தது. 2019 செப்டம்பரில் விளம்பரத்துக்கு 'ஸ்பான்சர்ட்', வாசகர் எழுதும் இடங்களுக்கு 'யூஜிசி' என்று இரண்டு சேர்ந்தன. இந்தக் குறிப்புகளோடு வாங்கித் தருவீர்களா என்று உங்கள் ஆளிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு அதோடு முடியும். இன்னும் ஒன்று: விருந்தினர் கட்டுரைகளில் கீவேர்ட் திணித்த லிங்க், எல்லாப் பக்கத்தின் அடியிலும் பரவும் ஃபுட்டர் லிங்க், பிறர் தளத்தில் ஒட்டும் சிறு கருவியான விட்ஜெட்டுக்குள் ஒளித்த லிங்க், ஃபோரம் கையெழுத்தில் வைக்கும் லிங்க், இவை எல்லாமே கூகுளின் ஸ்பேம் விதிகளில் எழுத்தில் இருக்கின்றன. அவருடைய 300 எங்கிருந்து வரும் என்று கேட்டால் இவற்றில் ஒன்றைத்தான் சொல்லப்போகிறார்.

அப்படியானால் ஆங்கர் டெக்ஸ்ட் செத்துப்போன விஷயமா? இல்லை. இங்கேதான் பலபேர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். அடுத்தவர் கொடுக்கும் லிங்க் உங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் உங்கள் தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் நூற்றுக்கணக்கான லிங்க்குகள் முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன. அதை யாரும் தொடுவதே இல்லை.

என் கதை ஒன்று. முன்பு ஒரு செய்முறைக் குறிப்புத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானூறு ஐந்நூறு கட்டுரைகள். உள் லிங்க்குகளை ஒவ்வொன்றாகப் போட யாருக்குப் பொறுமை? தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு துணை நிரல், ப்ளக்இன், கிடைத்தது. ஒரு சொல்லையும் ஒரு முகவரியையும் கொடுத்துவிட்டால், தளத்தில் அந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தானே லிங்க் போட்டுவிடும். "செயின்" என்ற சொல்லை, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடும் கட்டுரைக்குத் திருப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வாசகி எழுதினார்: "கறுத்துப்போன வெள்ளிச் செயினைப் பளபளப்பாக்குவது பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். செயின் என்று இருந்ததை அழுத்தினால், மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்கிறது. நிஜமாகவா?" நல்லவேளை, செய்வதற்கு முன் கேட்டார். அன்று சாயங்காலமே அந்த ப்ளக்இன்னைக் கழற்றி எறிந்தேன். லிங்க் போடுவது எழுதுபவர் வேலை, மெஷின் வேலை அல்ல என்பது அன்றோடு என் மண்டையில் ஏறியது.

ஏனென்றால் லிங்க் ஒரு வாக்குறுதி. இதைத் தொட்டால் இது கிடைக்கும் என்று நாலு சொல்லில் சொல்கிறோம். தொட்டவருக்கு வேறு கிடைத்தால் அடுத்த லிங்க்கைத் தொடமாட்டார்.

அதற்கு நேர் எதிரான வியாதி "மேலும் படிக்க". முகப்பில் பத்துக் கட்டுரை, ஒவ்வொன்றின் அடியிலும் "மேலும் படிக்க". கண்ணால் பார்ப்பவருக்குப் பெரிய தொல்லையில்லை, மேலே தலைப்பு இருக்கிறது. பார்வையில்லாத ஒருவர், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடரில் எப்படிப் படிக்கிறார் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தை மேலிருந்து கீழே முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளில் இன்செர்ட் விசையோடு எஃப்7-ஐ அழுத்தினால் அந்தப் பக்கத்தின் லிங்க்குகள் மட்டும் தனியே ஒரு பட்டியலாக வரும். அம்புக்குறியை அழுத்திக்கொண்டே கேட்பார். "மேலும் படிக்க. மேலும் படிக்க. மேலும் படிக்க. இங்கே. இங்கே. மேலும் படிக்க." இதில் எது எந்தக் கட்டுரை? எண்ணிப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். வலை அணுகல் வழிகாட்டுதலில் 2008-லிருந்தே, லிங்க் எங்கே போகிறது என்பது அதன் சொற்களிலிருந்தோ, அதைச் சூழ்ந்த வாக்கியத்திலிருந்தோ தெரிய வேண்டும் என்பது அடிப்படை நிலை விதி. சொற்களை மட்டும் கேட்டாலே தெரிய வேண்டும் என்பது உயர்நிலை விதி. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வேன். கூகுளின் வழிகாட்டுதலும், லிங்க் சொற்களைத் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள், பொருள் புரிகிறதா என்றுதான் சொல்கிறது. தேடுபொறியும் பார்வையற்ற வாசகரும் லிங்க்கை ஏறக்குறைய ஒரேமாதிரி அணுகுகிறார்கள். ஒருவருக்குச் செய்த உதவி இன்னொருவருக்கும் போய்ச் சேரும்.

எழுதும் முறைக்கு வருகிறேன். தமிழில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "செயினைச் சுத்தம் செய்யும் முறையைத் தெரிந்துகொள்ள இங்கே சொடுக்கவும்." எழுதி முடிக்கும்போது கை நிற்கும் இடம் "சொடுக்கவும்". லிங்க்கும் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஆனால் போகும் பக்கத்தின் பெயர் வாக்கியத்தின் நடுவிலேயே வந்து போய்விட்டது! அதனால் கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு, லிங்க்கை நடுவுக்கு நகர்த்துங்கள்: "செயினைச் சுத்தம் செய்யும் முறை தனிக் கட்டுரையாக இருக்கிறது." முதல் நான்கு சொல் லிங்க். தமிழில் இப்படி ஒரு பெயரெச்சத் தொடரே ஒரு முழுத் தலைப்புபோல நிற்கும். அந்த வசதியை நாம் பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

அடுத்தது வேற்றுமை உருபு. கீவேர்ட் "சைக்கிள் செயின்" என்று வைத்துக்கொண்டு, வாக்கியத்தில் "சைக்கிள் செயினை" என்று வரும்போது, உருபை வெளியே விட்டு லிங்க் போட முயல்கிறார்கள். "னை" என்பது திரையில் ஒரே எழுத்து. நடுவில் குறிச்சொல்லை நுழைத்தால் சில இடங்களில் எழுத்தே உடைந்து, புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பு தனியே நிற்கும். இன்னும் சிலர் உருபே வராதபடி வாக்கியத்தை முறுக்குகிறார்கள்: "சைக்கிள் செயின் சுத்தம் எப்படி செய்வது என்று". வேண்டாம். முழுச் சொல்லையும் உருபோடு சேர்த்து லிங்க் கொடுங்கள். ஒரே பக்கத்துக்கு ஓரிடத்தில் "செயினைச் சுத்தம் செய்வது" என்றும், இன்னோரிடத்தில் "அழுக்கேறிய செயினுக்கு" என்றும் இருந்தால் நல்லதுதான். மனிதர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், தேடுபவர்களும் அப்படித்தான் விதவிதமாகத் தேடுவார்கள். தவிர்க்க வேண்டியது இதன் தலைகீழ்: ஒரே சொற்களை வைத்து இரண்டு வெவ்வேறு பக்கங்களுக்கு அனுப்புவது.

முகவரியையே ஆங்கராக ஒட்டும் பழக்கம் தமிழ்த் தளங்களில் இன்னும் மோசமாக முடியும். தமிழ் எழுத்தில் முகவரி வைத்திருந்தால், அதை நகலெடுத்து ஒட்டும்போது கணினி தனித்தனியாக எண்ணும் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் % குறியோடு மூன்று எழுத்தாக நீளும். "அம்மா" என்ற சின்னச் சொல்லுக்கு உள்ளே அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து எழுத்துக்குறிகள். ஐந்தொன்பது நாற்பத்தைந்து எழுத்துக் குப்பை. ஒரு தலைப்பு முழுவதும் அப்படி விரிந்தால் மூன்று வரிக்கு ஓடும். ஸ்க்ரீன் ரீடர் அதை வாசிக்க ஆரம்பித்தால் கேட்பவர் நிலையை நினைத்துப் பாருங்கள்.

எத்தனை சொல் என்று எல்லோரும் கேட்பார்கள். எண் எதுவும் இல்லை. ஒரு சொல் பெரும்பாலும் போதாது, பத்தி முழுவதும் நீலமாக இருந்தால் எது லிங்க் என்றே தெரியாது. நடுவில் எங்கோ. இரண்டு லிங்க்குகளை ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள், ஒன்றா இரண்டா என்று தெரியாமல் போகும். லிங்க்குக்கு முன்னும் பின்னும் இருக்கும் சொற்களும் கணக்கில் வருகின்றன என்பதால், எல்லாவற்றையும் அந்த நாலு சொல்லுக்குள் திணிக்கத் தேவையில்லை.

லிங்க் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் என்று ஒரு பேச்சு உண்டு. கூகுள் 2004-ல் விண்ணப்பித்து 2010-ல் பெற்ற ஒரு காப்புரிமையில், ஒரு வாசகர் எந்த லிங்க்கைத் தொட அதிக வாய்ப்பு உண்டோ அதற்கு அதிக எடை கொடுக்கும் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தின் அளவு, இடம், ஆங்கரின் சொற்கள் எல்லாம் அதில் வரும். காப்புரிமையில் இருப்பதெல்லாம் அப்படியே பயன்பாட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் என் புத்திக்கு அது சரியாகவே படுகிறது: கட்டுரையின் நடுவில், தேவை எழும் இடத்தில் வைத்த லிங்க், அடியில் நாற்பதோடு நாற்பத்தொன்றாகக் கிடக்கும் லிங்க்கைவிட மதிப்புள்ளது. முதலில் வாசகருக்கு.

படத்துக்கு லிங்க் கொடுத்தால், படத்துக்குப் பதிலாக வாசிக்க எழுதிவைக்கும் ஆல்ட் எழுத்துதான் ஆங்கர் டெக்ஸ்ட். உங்கள் முகப்பில் பெடல் படத்தைத் தொட்டால் பெடல் கட்டுரைகளுக்குப் போகிறது என்றால், அதன் ஆல்ட்டில் கேமரா வைத்த கோப்புப் பெயர் இருக்கக் கூடாது, "பெடல் பழுதுகள்" என்று இருக்க வேண்டும். ஆல்ட் காலியாக இருந்தால் லிங்க்குக்குப் பெயரே இல்லை என்று அர்த்தம். பட்டன் போலக் காட்டி ஜாவாஸ்கிரிப்ட்டால் மட்டும் திறக்கும் லிங்க்குகள் இன்னொரு வகை. 'ஏ' குறிச்சொல்லும் அதற்குள் ஹெச்ரெஃப் என்ற இடத்தில் போகவேண்டிய முகவரியும் இல்லாவிட்டால் கூகுள் அதன் வழியே போகும் என்று நம்ப முடியாது. நீங்கள் எவ்வளவு நல்ல சொல் வைத்தும் பயனில்லை.

அலங்காரத்துக்காக அடிக்கோட்டை எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் மாற்றுவதையும் விட்டுவிடுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு உங்கள் லிங்க் வெறும் எழுத்து.

இனி உங்கள் தளத்துக்கு. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் லிங்க்குகள் பகுதிக்குப் போனால், வெளியிலிருந்து உங்களுக்கு லிங்க் கொடுத்தவர்கள் அதிகம் பயன்படுத்திய சொற்களின் பட்டியல் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். உலகம் உங்களை என்ன பெயரில் அறிகிறது என்று அதில் தெரியும். சில சமயம் ஆச்சரியமாக இருக்கும். நீங்கள் "சைக்கிள் பழுது" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே முதலில் "பிரேக் சத்தம்" இருக்கும். அப்படி இருந்தால் பிரேக் பற்றி இன்னும் நாலு கட்டுரை எழுதுவது 300 லிங்க்கைவிட நல்ல முதலீடு. அந்தப் பட்டியலில் சம்பந்தமே இல்லாத ஆபாசச் சொல்லோ, வேற்று மொழி மருந்துப் பெயரோ இருந்தால் பயப்படாதீர்கள். எல்லாத் தளத்துக்கும் இந்தக் குப்பை வரும், கூகுள் கண்டுகொள்வதில்லை. கன்சோலில் ஆள் பார்த்து எடுக்கும் நடவடிக்கைகளைக் காட்டும் மேனுவல் ஆக்‌ஷன் பகுதியில் உங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தாலோ, முன்பே நீங்கள் லிங்க் வாங்கியிருந்தாலோ தவிர, டிஸவவ் கருவிப் பக்கம் போகவே வேண்டாம். நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு மத்தியானத்தை ஒதுக்குங்கள். அதிகம் படிக்கப்படும் உங்கள் இருபது கட்டுரைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் "இங்கே", "இதில்", "மேலும் படிக்க" என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். சிக்குகிற ஒவ்வொரு லிங்க்கையும் மேலே சொன்னபடி நகர்த்துங்கள். அப்படியே, எந்தக் கட்டுரைக்கு உள்ளிருந்து ஒரு லிங்க்கூட இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறாவது தேறும். அநேகமாக நீங்கள் மிகவும் கஷ்டப்பட்டு எழுதியவையாக இருக்கும்.